பொதுச் சுவரின் ஓதம்

எங்கள் வீட்டுக்கும் பெரியப்பாவின் பனியன் யூனிட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். திருப்பூர் நல்லூரில் எங்கள் தெருவே அப்படித்தான். ஒரு வாசலில் கோலம் இருக்கும், அடுத்த வாசலில் வேஸ்ட் துணி மூட்டை இருக்கும். அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்துக்கொண்டபோது, அந்தச் சுவர் இருவருக்கும் பொது என்று உறவினர்கள் முன்னால் பேசி வைத்தார்கள். அப்பா இறந்த பிறகு அந்தப் பேச்சு எங்களுக்கு மட்டும்தான் நினைவிருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் அயர்னிங் செக்‌ஷன். தைத்து முடித்த துணிகளுக்கு நீராவி இஸ்திரி போடும் மேஜைகளும் ஆவி கொடுக்கும் ஒரு சிறிய பாய்லரும் அங்கே இருந்தன. இந்தப் பக்கம் எங்களுடைய ஒரே படுக்கையறை. அம்மாவின் கட்டில் அந்தச் சுவரை ஒட்டித்தான் கிடக்கும். வேறு எப்படிப் போட்டாலும் கதவு திறக்காது. முன்னறையில் படுக்கலாமே என்றால், எங்கள் முன்னறைதான் சமையலறையும். மிளகாய் தாளித்தால் போதும், அம்மாவுக்கு இருமல் தொடங்கிவிடும்.

சுவர் இடுப்பு உயரத்துக்குக் கறுத்துப்போயிருந்தது. முதலில் பெயிண்ட் கொப்பளித்தது. கொப்புளங்கள் உடைந்ததும் உள்ளேயிருந்து உப்பு பூத்துக் கொட்டியது. அதன் பிறகு கரும்புள்ளிகள் வந்தன. புள்ளிகள் சேர்ந்து படையாகி, படை மேலே ஏறியது. அறைக்குள் நுழைந்தாலே ஈரச் சாக்கின் வாடை அடிக்கும். சுவர் அலமாரியில் இருந்த என் பட்டச் சான்றிதழின் ஓரத்திலும் ஒருநாள் சாம்பல் நிறத்தில் பூஞ்சை படர்ந்திருந்தது. எங்கள் குடும்பத்தில் எட்டாம் வகுப்பைத் தாண்டியவர் எனக்கு முன்னால் யாரும் கிடையாது. நான் கல்லூரி முடித்தவள், ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் ஏதும் இல்லை. அந்தச் சான்றிதழை நான் துடைத்து வேறிடத்தில் வைத்துவிட்டேன். அம்மாவின் நுரையீரலை அப்படி எடுத்து வேறிடத்தில் வைக்க முடியவில்லை.

அம்மாவுக்கு வீசிங். கல்யாணமாகி வந்ததிலிருந்து பனியன் பஞ்சைச் சுவாசித்தவள். குண்டடம் பக்கத்து வறண்ட காற்றில் ஆடு மேய்த்து வளர்ந்த உடம்பு அது. பஞ்சைக்கூட ஒருவாறு தாங்கிக்கொண்டது, சுவரின் ஈர ஓதத்தைத் தாங்கவில்லை. ஆனி மாதத்தில் ஒருமுறை மூச்சு முட்டி, ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடினோம். டாக்டர் வீட்டைப் பற்றிக் கேட்டார். நான் சுவரைப் பற்றிச் சொன்னேன். மருந்து எழுதித் தருவேன், அந்தச் சுவர் அப்படியே இருக்கும்வரை மருந்து பாதிதான் வேலை செய்யும் என்றார். அந்த அறையைச் சரி செய்யாவிட்டால் அடுத்த முறை இவ்வளவு சுலபமாகத் திருப்பி அனுப்ப முடியாது என்று, அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் சொன்னார்.

வீடு திரும்பிய அன்றே பெரியப்பாவிடம் போய்ச் சொன்னேன். சுவரில் எங்கிருந்தோ தண்ணீர் வருகிறது, உங்கள் பக்கம் கொஞ்சம் பாருங்கள் என்றேன். அவர் தலையை நிமிர்த்தாமல், அது உங்கள் பாத்ரூம் தண்ணீர்தான் கண்ணு என்றார்.

அம்மா அவரை எதிர்த்துப் பேச மாட்டாள். அவள் வேலை செய்ததே அந்த யூனிட்டில்தான். செக்கிங் மேஜை அவளுடையது. தைத்து வரும் ஒவ்வொரு துணியையும் விரித்துப் பார்த்து, ஓட்டை, தையல் விட்டது, கறை என்று பிரித்துப் போடுவாள். எண்ணெய்க் கறை இருந்தால் ஒரு ஸ்பிரே கன்னால் கறை எடுக்கும் திரவத்தை அடித்து ஊதிக் காயவைப்பாள். கறை இருந்த இடமே தெரியாது. அதில் அவளுக்குக் கர்வம் உண்டு. அந்தக் கர்வம் எனக்குப் பிடிக்கும். ஆனால் அதுதான் முதல் கேட்டைக் கொண்டுவந்தது.

வெள்ளையில் கறுப்பாக எது இருந்தாலும் அம்மாவுக்கு அது கறைதான். ஒருநாள் நான் அலுவலகம் போயிருந்த நேரத்தில் அந்தத் திரவத்தை ஒரு பாட்டிலில் கொண்டுவந்து சுவர் முழுக்க அடித்திருக்கிறாள். நான் வந்தபோது சுவர் வெளுத்திருந்தது. பார்த்தாயா என்பது போல நின்றாள். அறையில் நிற்க முடியவில்லை, கண் எரிந்தது. அன்று மாலையே அவளுக்கு இழுப்பு வந்து, இன்ஹேலரை உறிஞ்சி உறிஞ்சிச் சோர்ந்துபோனாள். கறை போய்விட்டது, சுவரின் ஈரம் போகவில்லை. அடுத்த வாரமே புள்ளிகள் அதே இடங்களில் முளைத்தன. நான் அவளைத் திட்டினேன். அவளைத் திட்டுவது எளிது. திட்ட வேண்டியவர் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தார்.

பிறகு நான் முறையாகச் செய்தேன். அம்மாவை வெளியே அனுப்பிவிட்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டு, சுவரை முதலில் நனைத்தேன். உலர்ந்த பூஞ்சையைப் பிரஷ்ஷால் தேய்த்தால் அது தூளாகக் காற்றில் ஏறி அறையெங்கும் உட்காரும். இது படித்துத் தெரிந்துகொண்டது. ப்ளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் தேய்த்து, துணியால் ஒற்றி எடுத்து, அந்தத் துணிகளை வீட்டுக்குள் வைக்காமல் வெளியே எறிந்தேன். மின்விசிறியைச் சுவருக்கு நேராகத் திருப்பி வைத்தேன். சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் கையை வைத்தால் ஈரம். ஈரம் இருக்கும்வரை பூஞ்சையைத் துடைப்பது, தண்ணீர்க் குழாயை மூடாமல் தரையைத் துடைப்பதுதான். மறுபடி வந்தது.

பாத்ரூம் என்று அவர் சொன்னாரே என்று, எங்கள் பாத்ரூமைப் பூட்டினோம். அந்தச் சுவரிலிருந்து தள்ளி, பின்பக்கத்தில் தட்டி கட்டிக் குளித்தோம். வேலைக்குப் போகிற பெண், தட்டி மறைவில் குளித்துவிட்டு, மடிப்புக் கலையாத சுடிதாரில் ஸ்கூட்டி எடுத்தேன். பல வாரம் அப்படியே ஓடியது. சுவர் கொஞ்சமும் காயவில்லை. போய்ச் சொன்னேன். அப்படியானால் மழைத் தண்ணீராக இருக்கும் என்றார். அப்போது மழையே இல்லை என்றேன். மண்ணுக்கடியில் இருக்கும் என்றார்.

இதற்கிடையில் தீபாவளி வந்தது. தீபாவளிக்குத் திருப்பூர் மொத்தமாக ஊரைக் காலி செய்துவிடும். தெற்கத்தி ஆட்கள் மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் பஸ் ஏறுவார்கள். வடநாட்டுப் பையன்கள் ரயிலேறுவார்கள். யூனிட்கள் பூட்டிக்கிடக்கும். எப்போதும் சுவர் வழியாக வரும் இந்திப் பாட்டும், ஆவி விடும் உஸ் என்ற சத்தமும் நின்றுபோனால், தெருவில் நாய் நடப்பதுகூடக் கேட்கும். அந்த விடுமுறையில் மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழை, விடாமல் பெய்தது. தெருவெங்கும் தண்ணீர். சுவர் இடிந்தே விழுந்துவிடும் என்று நான் நினைத்தேன்.

சுவர் காய்ந்தது.

முதலில் நம்பவில்லை. கையை வைத்துப் பார்த்தேன், கன்னத்தை வைத்துப் பார்த்தேன். உப்பு பொடியாக உதிர்ந்தது. அம்மா இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்து தூங்குகிறவள், ஒற்றைத் தலையணையில் தூங்கினாள்.

விடுமுறை முடிந்ததும் அலுவலகத்திலிருந்து ஈரம் பார்க்கும் கருவியைக் கேட்டு வாங்கி வந்தேன். எங்கள் கம்பெனியில் துணிகளைப் பெட்டியில் அடைக்கும் முன், அதன் இரண்டு ஊசிகளைத் துணியில் குத்திப் பார்ப்பார்கள். ஈரத்தோடு அடைத்தால் கப்பலில் போகும் வழியிலேயே பூஞ்சை பிடித்துவிடும், துணி வாங்கும் வெளிநாட்டு பையர் மொத்தத்தையும் திருப்பிவிடுவான். அளவு துளி கூடினாலும் நான்தான் அவர்களுக்கு மன்னிப்புக் கேட்டு மெயில் எழுத வேண்டும். யாரோ ஒரு நாட்டுக் குழந்தை போடப்போகிற சட்டைக்கு அவ்வளவு கவனம். என் அம்மா படுக்கிற சுவரில் அதைக் குத்திப் பார்க்க எனக்கு அத்தனை மாதம் தோன்றவில்லை.

துணிக்கான கருவி, சுவருக்குச் சரியான எண்ணைக் காட்டாது. எனக்கு எண் தேவையில்லை, எங்கே அதிகம் எங்கே குறைவு என்று தெரிந்தால் போதும். பெரியப்பா யூனிட்டில் பூஜை போட்டு பாய்லரை மூட்டிய மறுநாள் சுவர் முழுக்கக் குத்தினேன். தரையோரம் குறைவு. கூரையோரம் ஒன்றுமில்லை. இடுப்பு உயரத்தில் குத்திய இடமெல்லாம் கருவி கத்தியது. அம்மாவின் மார்க்கிங் சாக்பீஸால் அந்த இடங்களைக் குறித்தேன். குறிகளைச் சேர்த்தால், சுவரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கோடு போட்டது போல இருந்தது. மழை கோடு போட்டுக்கொண்டு வராது. குழாய்தான் அப்படி வரும்.

கருவியைக் கையில் எடுத்துக்கொண்டே யூனிட்டுக்குப் போனேன். பெரியப்பா கட்டிங் மேஜையருகே உட்கார்ந்திருந்தார். டெய்லர்கள் மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அம்மா செக்கிங் மேஜையில் தலை குனிந்திருந்தாள்.

கொங்கு நாட்டில் ஒருவர் உங்களை வெறுக்கிறாரா என்று அவருடைய மரியாதையை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பிறந்ததிலிருந்து என்னைக் கண்ணு என்று கூப்பிட்டவர், அன்று எழுந்து நின்று வரவேற்றார்.

"வாங்க மேடம். ஏனுங்க, சுவத்துக்குக் காய்ச்சல் பாக்கற கருவிங்களா அது?"

டெய்லர்கள் சிரித்தார்கள். சிரிக்க வேண்டிய இடம் எது என்று சம்பளக்காரர்களுக்குத் தெரியும்.

"லீவுல அத்தனை மழை பேஞ்சுதுங்க பெரியப்பா. சுவரு காஞ்சு கெடந்துது. நீங்க பாய்லரப் போட்டீங்க, நனைஞ்சிருச்சு" என்றேன்.

"லீவுல ஜன்னலத் தொறந்து வெச்சிருப்பீங்க."

"அந்த ரூமுக்கு ஜன்னலே இல்லீங்க."

பாய்லர் தண்ணீர் வெளியேறுகிற குழாய் எந்த வழியாகப் போகிறது என்று கேட்டேன். அது யூனிட் விஷயம் என்றார். சுவருக்குள் வைத்தீர்களா என்றேன். அவர் குரலை உயர்த்தவில்லை. படித்தவர்கள் மெயில் போட்டுத்தானே பழக்கம், சுவருக்கும் ஒரு மெயில் போட்டுப் பதில் வருகிறதா பாருங்கள் என்றார். மறுபடி சிரிப்பு. லீவில் அம்மாவுக்கு மூச்சு நன்றாக இருந்தது என்றேன். லீவில் யாரும் பஞ்சில் உட்காரவில்லையே, அதுதான் காரணம் என்றார். பிறகு அம்மாவின் பக்கம் கையைக் காட்டி, இன்னும் மரியாதையாகச் சொன்னார்.

"பஞ்சு ஆகலைன்னா சொல்லுங்க மேடம், நாளைக்கே டேபிளுக்கு வேற ஆளப் பாத்துக்கறேனுங்க."

அம்மா அதைக் கேட்டாள். கையிலிருந்த துணியை மடித்துப் பாஸான துணிகளோடு வைத்தாள். அடுத்ததை எடுத்தாள்.

சில நாள் கழித்து அலுவலகத்திலிருந்து வந்தபோது வாசலில் டைல்ஸ் அட்டைப்பெட்டிகள் கிடந்தன. உள்ளே பெரியப்பாவின் கொத்தனார், நெல்லைப் பக்கத்து ஆள், எங்கள் சுவரில் பாதி உயரத்துக்கு வெள்ளை டைல்ஸ் ஒட்டி முடித்திருந்தார். அம்மா அவருக்கு டீ போட்டுக்கொண்டிருந்தாள்.

பெரியப்பா அனுப்பியிருக்கிறார், அவரே எல்லாம் பார்த்துக்கொள்கிறார் என்றாள் அம்மா. சண்டையில்லாமல் முடிந்ததே என்ற நிம்மதி அவள் முகத்தில் இருந்தது.

"நல்லதுக்குத்தான கண்ணு. டைல்ஸ்ல பூசணம் ஒட்டாதாமா. ஒட்டுனாலும் தொடச்சா போயிருமாமா."

மறுபடியும் கறை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தண்ணீர் உள்ளே வந்துகொண்டே இருக்கும்போது வெளிப்பக்கத்தை மூடினால் அது எங்கே போகும்? டைல்ஸுக்கு மேலே ஏறும். இப்போது அம்மாவின் இடுப்புக்கு நேராக இருப்பது மூக்குக்கு நேராக வரும். பார்வைக்குச் சுவர் பளபளவென்று இருக்கும். அதுதான் அவருக்கு வேண்டும். வருகிறவர்களிடம் காட்டலாம்: தம்பி குடும்பத்துக்கு எவ்வளவு செய்தேன் பாருங்கள்.

கைப்பையைக்கூடக் கழற்றவில்லை. கலவை இன்னும் இறுகவில்லை. விளிம்பில் விரலைக் கொடுத்து இழுத்தேன்; முதல் டைல் சத்தமாகக் கழன்றது. அடுத்ததையும் இழுத்தேன்.

"என்ன தாயி இது, பெரியவரு சொல்லித்தான ஒட்டுதோம்" என்றார் கொத்தனார்.

பெரியவருடைய சுவரில் போய் ஒட்டுங்கள் என்றேன். நான் சாக்பீஸால் குறித்திருந்த உயரத்தில் பூச்சை உடைத்துக் காட்டச் சொன்னேன். அவர் மாட்டேன் என்றார். அவருக்கு யூனிட்டில் நிரந்தர வேலை, என் பேச்சைக் கேட்டு அதைக் கெடுத்துக்கொள்ள அவருக்கு என்ன தலையெழுத்து. சாமான்களைச் சட்டியில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். அம்மா டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே அழுதாள். பெரியவர்களை எதிர்த்துக்கொண்டு இந்தத் தெருவில் எப்படி இருப்பது என்றாள். இந்தச் சுவரோடு எப்படி இருப்பது என்று நான் திருப்பிக் கேட்டேன். அன்று நாங்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான். மிச்ச டைல்ஸையும் இரவோடு இரவாகக் கழற்றி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை உளியும் சுத்தியலும் வாங்கிவந்து நானே ஆரம்பித்தேன். ஷிப்மென்ட் அவசரம் என்று அன்றும் யூனிட் ஓடிக்கொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பாய்லரின் சத்தம் கேட்டது.

எனக்குச் சுத்தியல் பிடித்துப் பழக்கமில்லை. அந்தப் பழக்கம் தேவைப்படவும் இல்லை. பூச்சு, டீயில் நனைத்த பிஸ்கட் மாதிரி கொத்துக் கொத்தாக விழுந்தது. உள்ளே செங்கல் கறுப்பாக இருந்தது. கோட்டின் நடுவில், கருவி அதிகம் கத்திய இடத்தில், ஒரு செங்கல்லைச் சுற்றிக் காரையைச் சுரண்டினேன். செங்கல் பல் விழுவது போலக் கையோடு வந்தது. அதன் பின்னாலிருந்து தண்ணீர் வழிந்து என் பாதத்தில் விழுந்தது.

வெந்நீர்.

அம்மாவைக் கூப்பிட்டேன். வந்தாள். கையை நீட்டி அந்தத் தண்ணீரைத் தொட்டவள் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். நான் பக்கத்துச் செங்கல்லையும் எடுத்தேன். உள்ளே ஒரு பிவிசி குழாய், பச்சைத் தண்ணீருக்குப் போடுகிற சாதாரணக் குழாய், கொதிநீர் ஓடி ஓடி வளைந்து தொங்கிக்கொண்டிருந்தது. மூட்டுப் பிரிந்த இடத்தில் யாரோ தடிமனாகத் துணியைச் சுற்றி, மேலே சிமென்ட் பால் பூசியிருந்தார்கள். சிமென்ட் வெடித்திருந்தது. துணி தண்ணீரைக் குடித்து, உப்பி, சுற்றியிருந்த செங்கற்களுக்கெல்லாம் அந்த ஈரத்தைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. பனியன் துணி, தண்ணீரை உறிஞ்சுவதற்கென்றே பின்னிய துணி. இந்த ஊரில் எது ஒழுகினாலும், எது ஆடினாலும், கைக்கு முதலில் அகப்படுவது வேஸ்ட் துணிதான். வண்டி துடைக்க, ஜன்னல் அடைக்க, அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்க எல்லாவற்றுக்கும் அதுதான். அதையே குழாய்க்கும் கட்டியிருந்தார்கள்.

நான் துணியைப் பிய்த்துத் தரையில் போட்டேன். அம்மா குனிந்து எடுத்தாள். பிழிந்தாள். மேஜையில் விரிப்பது போலத் தொடையின் மேல் விரித்து, சிமென்டைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள். குழந்தைத் துணி. மஞ்சள் லாரி பிரிண்ட் போட்டிருந்தது.

பெரியப்பா அப்போதுதான் உள்ளே வந்தார். சுத்தியல் சத்தம் அங்கே கேட்டிருக்க வேண்டும். வாசலில் செருப்பைக் கழற்றவில்லை. சுவரைப் பார்த்தார், தரையில் ஓடும் தண்ணீரைப் பார்த்தார்.

"கொழாய ஒடச்சுப் போட்டீங்களே மேடம்" என்றார். "சும்மா கெடந்த கொழாயில உளிய எறக்கிப் போட்டு, இப்பத் தண்ணி வருது, தண்ணி வருதுன்னா?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. உளி என் கையில் இருந்தது. தண்ணீர் என் காலடியில் ஓடியது. தெருவில் யாரைக் கூப்பிட்டுக் காட்டினாலும் அவர் சொல்வதுதான் உண்மை போலத் தெரியும்.

அம்மா எழுந்தாள். கணவரின் அண்ணன் என்பதால் அவள் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவாள், அதுவும் முகத்தைப் பார்க்காமல். அன்று பார்த்தாள்.

"இந்தத் துணியையும் எம்பொண்ணுதான் கட்டுனாளுங்களா மாமா?"

துணியை அவர் முன்னால் விரித்துப் பிடித்தாள்.

"இது ஆடி மாசத்து லாட்டுங்க. பிரிண்ட் கசிஞ்சுபோச்சுன்னு நாந்தானுங்க ரிஜெக்ட் மூட்டையில போட்டேன். அதுக்கு முன்னாடியே, ஆனியிலயே, இவ வந்து உங்ககிட்டச் சொன்னாளுங்க, சுவத்துல தண்ணி வருதுன்னு. நான் அப்ப ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துட்டேனுங்க."

இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு மூன்று இடத்தில் மூச்சு நின்றது. நான் இன்ஹேலரை நீட்டினேன். வாங்கவில்லை.

அவளிடம் எத்தனை ஆயிரம் துணிகள் வந்துபோயிருக்கும். அவள் ஒரு கறையை ஒருமுறை பார்த்தால் மறக்க மாட்டாள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்; அதற்காகத்தான் அவளை வைத்திருந்தார்.

பெரியப்பா மெல்லச் சொன்னார். ஒழுகுவது தெரிந்ததும், அவர் பக்கத்துச் சுவரைக் குடைந்து அவரேதான் துணியைச் சுற்றி அடைத்தாராம். நின்றுவிட்டது என்றுதான் நினைத்தாராம். ஆர்டர் தலைக்கு மேல் இருந்ததாம், பாய்லரை நிறுத்திக் குழாயை மாற்ற முடியவில்லையாம். "கெடுதலுக்கா கட்டுனேன்" என்று கேட்டார்.

கெடுதலுக்குக் கட்டினார் என்று நானும் நினைக்கவில்லை. நின்றதா என்று சுவருக்கு இந்தப் பக்கம் வந்து ஒருமுறை கையை வைத்துப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். எங்கள் பாத்ரூமைப் பூட்டிவிட்டு நாங்கள் தட்டிக்குள் குளித்தபோதும் தோன்றவில்லை. இதை நான் சொன்னேன். உனக்கு வாய் அதிகம் என்றார். மேடம் போய்விட்டது, கண்ணுவும் திரும்பி வரவில்லை.

நாளைக்குப் பாய்லர் ஓடினால் இந்தக் குழாயைச் சிமென்ட் வைத்து நானே அடைப்பேன், ஆவி எந்தப் பக்கம் போகுமோ போகட்டும் என்றேன். ஷிப்மென்ட் நேரத்தில் அவரால் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. நாளைக்குச் செக்கிங்குக்கு வரமாட்டேன் என்று அம்மா சொன்னபோது, வராவிட்டால் போங்கள், டேபிளுக்கா ஆள் இல்லை என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினார். மறுநாள் பாய்லர் ஓடவில்லை. அடுத்த நாள் வெளிச்சுவரோடு புதிய குழாய் போட்டு, தெருச் சாக்கடைக்கு நேராக விட்டார்கள். பழைய குழாயை அவர்கள் பக்கத்திலிருந்தே உருவி எடுத்து, அவர்கள் பக்கத்துக் குடைவை மூடினார்கள். எங்கள் பக்கம் திறந்தே கிடந்தது.

அதை நான் பூசவிடவில்லை. ஈரத்தை உள்ளே வைத்துப் பூசினால் எல்லாம் முதலிலிருந்து. உப்பைத் தினமும் பிரஷ்ஷால் தள்ளி முறத்தில் வாரினேன். மிச்சமிருந்த பூஞ்சையைப் பழைய முறைப்படி நனைத்துத் தேய்த்து எடுத்தேன். ஒரு பக்கச் சுவரில் காற்று வர ஓர் ஓட்டை போடச் செய்தேன். மேல்பூச்சு சில நாளில் காயும், உள்ளே நனைந்த செங்கல்லுக்கு அவசரம் கிடையாது. கார்த்திகை, மார்கழி, தை என்று அது தன் போக்கில் நிறம் மாறியது. கறுப்பு தவிட்டு நிறமானது, தவிட்டு நிறம் சிவப்பானது. அம்மா பெருமாநல்லூரில் ஒரு கம்பெனியில் செக்கிங்கில் சேர்ந்தாள். காலையில் கம்பெனி வேன் வந்து ஏற்றிப் போகிறது. அங்கேயும் பஞ்சு உண்டு, இருமல் முழுவதும் போகவில்லை. ஆனால் அந்தக் குளிர்காலத்தில் ஆட்டோ பிடிக்கவில்லை.

உறவில் பேச்சு நின்றது. ஒரு கல்யாணத்தில் பெரியம்மா என்னைப் பார்த்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு வேறு பந்திக்குப் போனார். நானும் நன்றாகவே சாப்பிட்டேன்.

ஒரு விஷயம் எனக்கு வேடிக்கையாக இருந்தது. குழாய் எடுத்த இடத்தில் சுவர் மெலிந்துவிட்டதால் இங்கே பேசுவது அங்கே கேட்கும். இஸ்திரி போடுகிறவர்கள் பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்பது எனக்குத் தெரியும். அதனால் சில விஷயங்களைக் கொஞ்சம் சத்தமாகவே பேசுவேன். அம்மா வாயைப் பொத்தச் சொல்வாள்.

பங்குனியில் ஒரு ஞாயிறு பெரியப்பா வந்தார். இந்த முறை செருப்பைக் கழற்றினார். அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். சொம்பை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். சுவரை மூடிவிடலாமே, செங்கல் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறதே, வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள், ஆளும் சிமென்டும் தானே அனுப்புவதாகச் சொன்னார். இங்கே பேசுவதெல்லாம் அங்கே கேட்கிறதாம் என்றும் சேர்த்துக்கொண்டார். பிறகு என் பக்கம் பார்க்காமல், அந்த டேபிளுக்கு வந்த ஆள் சரியில்லை, இரண்டு லாட் திரும்பி வந்துவிட்டது என்றார்.

அம்மா கேட்டுக்கொண்டாள். பதில் சொல்ல வேண்டியவள் அவள்தான்.

"இன்னும் ஈரமிருக்குதுங்க."

அவர் எழுந்து போய் உள்ளங்கையைச் செங்கல்லில் வைத்தார். நன்றாக அழுத்தினார். முதன்முறையாக.

"காஞ்சுதான கெடக்குது."

"அங்க படுக்கறது நானுங்க மாமா. எனக்குத் தெரியுமுங்க" என்றாள் அம்மா. "டேபிளுக்கும் வரலீங்க."

அவர் கையைத் தட்டிக்கொண்டார். செங்கல் தூள் வேட்டியில் விழுந்தது. தண்ணீரைக் குடிக்காமல் போனார். எங்கள் பக்கத்தில் அது உறவை முறித்துக்கொள்வது என்று எல்லோருக்கும் தெரியும். நான் குடித்துவிட்டுப் போகச் சொல்லவில்லை.

சித்திரை பிறந்துவிட்டது. கொத்தனார் ஒருவரை, வேறு ஆளை, பேசி வைத்திருக்கிறேன். எப்போது வரச் சொல்லட்டும் என்று கேட்டால், அம்மா கட்டிலிலிருந்தபடியே கையை நீட்டிச் செங்கல்லைத் தடவிப் பார்க்கிறாள். வரச் சொல் என்று இன்னும் சொல்லவில்லை.